பாண்டிச்சேரியில் வழிகாட்டிய சேலை

நூல் வியாபாரம் பேச என் கணவர் அருப்புக்கோட்டையிலிருந்து பாண்டிச்சேரி கிளம்பியபோது, நானும் ஒரு வயது மகளும் உடன் போனோம். பஸ்ஸில் அவள் வாந்தியெடுத்த சிவப்புக் கட்டம் போட்ட சேலையை அலசி, லாட்ஜின் முன்பக்க பால்கனியில் காயப்போட்டேன்.

“தெருவப் பாக்கவா சேலையத் தொங்கவிடுவ? மானம் போகுது, எடு!” என்றார் அவர். குழந்தையைக் கிளப்பும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

இருட்டிய பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் காலத்துத் தெருக்களை நடந்தே சுற்றிப் பார்த்தோம். திரும்பும்போது வழி தெரியவில்லை.

“லாட்ஜு பேரு என்னங்க?”

“பேரு பாக்கல. மஞ்சச் சுவரு, காகிதப்பூக் கொடி. அடையாளம் வச்சிருக்கேன்ல!”

எல்லாத் தெருவிலும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான்! மகள் பசியில் வீறிட்டாள். பால்மாவு டப்பாவோ அறையில். கைக்குழந்தையோடு வந்ததே தப்போ என்று எனக்கு அழுகை முட்டியது.

அடுத்த தெருவில் திரும்பியதும், விளக்கு வெளிச்சத்தில் சிவப்புக் கட்டங்கள் ஆடின.

“அந்தா, நம்ம சேல!” என்று கத்தியே விட்டேன்.

இப்போது எந்த ஊரானாலும் லாட்ஜின் பெயரையும் தெருவையும் முதலில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். பால்மாவும் கூடவே வருகிறது. அவரோ, “சேலையக் காயப்போட்டியா?” என்று கேட்ட பிறகே செருப்பு மாட்டுகிறார்.