டேப்பக்காவும் மடித்துக் கட்டிய குழாயும்

நாற்பது பேர் பார்க்க, நெடுஞ்சாலை வளைவில் வைத்து, டேப்பக்கா என் கன்னத்தில் அறைந்தார். லாரிக்கு அடியில் மாட்டிய ஒரு ஆளை நான் அப்போதுதான் உயிரோடு வெளியே எடுத்திருந்தேன். பாராட்ட வேண்டாம், ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்கலாம். கிடைத்தது அறை. பதினோரு வருஷம் ஆகிறது. சாகிறவரைக்கும் அவர் அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அந்தக் குறையோடுதான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு கேஸ் வெல்டிங் தொழில். வண்டி நசுங்கி ஆள் மாட்டிக்கொண்டால் இரும்பை வெட்டி எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். டேப்பக்கா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் எடுப்பதெல்லாம் லாரி விபத்து வழக்கு. கை போனவர்கள், கால் போனவர்கள், ஆளே போய்விட்டவர்களின் வீட்டுக்காரர்கள் அவரிடம் வருவார்கள். அவர்களுக்காகச் சாலையை அளப்பது அக்கா வேலை. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், குரல் மட்டும் லாரி ஹாரன். தோள்பையில் எப்போதும் நூறடி டேப் கிடக்கும்.

"வந்துட்டாங்கப்பா கழுகு" என்று போலீஸ்காரர்கள் கேலி பேசுவார்கள்.

"கழுகுக்காவது கண்ணு தெரியும். நீங்கதான் முன்னாடி கெடக்குறத தாண்டிப் போறீங்களே" என்பார்.

அக்காவின் புருஷன் லாரி டிரைவர். பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளியிடம் மூன்று முறை சொன்னாராம். ஓட்டத் தெரியாதவன்தான் பிரேக்கைக் குறை சொல்வான் என்று அனுப்பிவைத்தான் முதலாளி. அடுத்த நாளே வண்டி கடைவீதிக்குள் புகுந்தது. இரண்டு பேர் செத்தார்கள். மூன்றாவதாகச் செத்தது அக்காவின் புருஷன். அவரை லாரி கொல்லவில்லை. கதவைத் திறந்து இழுத்துப் போட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து, மூச்சு நிற்கும்வரை ஊரே அடித்தது. அடையாளம் காட்டப் போன அக்காவுக்குச் சட்டையை வைத்துத்தான் ஆளைத் தெரிந்ததாம். வழக்குத் தாளில் முதலாளி பெயரே இல்லை. எல்லாப் பழியையும் செத்தவன் தலையில் எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் அக்கா வக்கீல் ஆபீஸைக் கூட்டும் வேலைக்குப் போனார். கூட்டிய அறையிலேயே டைப் அடிக்கப் பழகி, ஃபைல் தைக்கப் பழகி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்த அறை கிடைத்த நாளுக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி. ஒரு பிளம்பரும் அவர் மனைவியும் மொபெட்டில் போகிறார்கள். எதிரே சிமெண்டு லாரி. வளைவில் டிரைவர் பிரேக்கை மிதித்ததும் லாரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. மனைவி முன் சக்கரத்திலேயே போய்விட்டார். அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிளம்பரை மொபெட்டோடு பின் சக்கரம் வரை இழுத்துப் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கால் இருந்தது. இருந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

நான் சிலிண்டரை இறக்கும்போது ஒரு கூட்டம் டிரைவரைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். அதற்குள் டேப்பக்கா உள்ளே புகுந்து டிரைவர் மேலேயே குப்புற விழுந்தார். கல் அவர் தோளில் பட்டு உருண்டது.

"ஓட்டுனவன அடிச்சுக் கொல்லுங்கடா! ஓட்டச் சொன்னவன் வீட்ல பேப்பர் படிச்சிட்டிருப்பான். அவன் வீட்டு வழி தெரியுமாடா ஒங்களுக்கு?"

கூட்டம் ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில் போலீஸ்காரர் டிரைவரை ஜீப்புக்குள் தள்ளிவிட்டார். அக்கா எழுந்து சேலையைத் தட்டினார், டேப்பை எடுத்தார், அளக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருவன் கத்திக்கொண்டிருக்கிறான், இவருக்கு அளவு கேட்கிறதா என்று.

நான் ஈரச்சாக்கை பிளம்பர் மேலே போர்த்தி அச்சுக்கு அடியில் படுத்தேன். ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் பிரேக்குக்குக் காற்று போகிற ரப்பர் குழாய் குறுக்கே தொங்கியது. கட்டரை ஒரு இழுப்பு இழுத்தேன். துண்டு தீப்பிடித்து விழுந்தது. காலால் மிதித்து அணைத்து, பள்ளத்துப் பக்கம் எட்டி உதைத்தேன். பின்னால் யாரோ கத்தியது கட்டர் சத்தத்தில் காதில் விழவில்லை. ஜாக்கி ஏறியது, பிளம்பர் வந்தார். பிளம்பரின் கால் வரவில்லை.

வெளியே வந்து நிமிர்ந்ததும் அறை.

"வெட்டாதே வெட்டாதேன்னு தொண்டை கிழிய கத்துறேன், செவிட்டுப் பயலே! ரெண்டடி தள்ளி வெட்டக் கூடாதா?"

அப்புறம்தான் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாலையைக் காட்டினார். வலது சக்கரம் தேய்த்த கருப்புக் கோடு முப்பத்தோரு அடி. இடது பக்கம் கோடே இல்லை. இடது பின் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. நான் வெட்டி உதைத்த குழாயை மடித்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். லாரித் தொழிலில் உள்ளவனுக்கு இது தெரியும். ஒரு சக்கரத்தில் காற்று கசிந்தால் பாகம் மாற்ற வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்த மனசு வராதவன் அந்தக் குழாயை மடித்துக் கட்டிவிட்டு மீதிச் சக்கரங்களை நம்பி ஓட்டுவான். மடிப்பை நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் பழகிப்போன கண், அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மடிப்போடு சேர்த்து வெட்டிவிட்டேன். பள்ளத்தில் தேடினால் துண்டு இல்லை. லாரிக் கம்பெனியின் சூப்பர்வைசர் எங்களுக்கு முன்னால் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தான்.

போலீஸ் தாளில் இப்படி எழுதினார்கள்: மொபெட் ஓட்டியவர் கவனக்குறைவாகக் குறுக்கே வந்ததால் அவர் மனைவி இறந்தார். லாரியில் பிரேக் சரியாக இருந்தது, குழாயைப் பிறகு கேஸ் கட்டர்காரர் வெட்டினார். அக்கா யார் உயிரைக் காப்பாற்றினாரோ அந்த டிரைவரே அப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"நன்றி கெட்ட நாயி" என்றேன்.

"விடு. அவனுக்கும் அடுப்பு எரியணும்ல. என் வீட்டுக்காரரா இருந்தாலும் போட்டிருப்பாரு."

போலீஸ் தாளில் இருந்த அந்த ஒரு வரி பிளம்பரின் வாழ்க்கையை மிதித்துவிட்டது. செத்துப்போன மனைவியின் அண்ணன், பெயிண்ட் கடை வைத்திருப்பவர், அந்தத் தாளோடு நேராக ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தார். நானும் அக்காவும் அங்கே இருந்தோம்.

"என் தங்கச்சியக் கொன்னுட்டுக் கட்டில்ல சொகமாப் படுத்திருக்கியாடா?"

"மச்சான், நான் என் பக்கம்தான் போனேன் மச்சான்..."

முடிப்பதற்குள் சலைன் தொங்கும் கம்பியைப் பிடுங்கி, வெட்டுப்பட்ட காலின் கட்டு மேலேயே அடித்தார். வெள்ளைத் துணி சிவப்பாகி வந்தது. இரண்டாவது அடிக்குள் மச்சானைச் சுவரோடு சேர்த்து நசுக்கினேன். மூக்கில் ஒன்று விட்டேன். அக்கா என் காதைப் பிடித்துத் திருகி இழுத்தார்.

"நீ அடிச்சா அந்தத் தாளு மாறுமாடா?"

மச்சான் மூக்கில் ரத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்: "புள்ள என் வீட்லதான் இருக்கும். ஆத்தாளக் கொன்னவன்கிட்ட அனுப்ப மாட்டேன்."

பிளம்பருக்கு ஆறு வயதில் ஒரே மகள். கால் போனதற்குக்கூட அந்த மனுஷன் அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அழுதார்.

அக்கா வக்கீலை நச்சரித்து, லாரியை யாரும் தொடக்கூடாது, நீதிமன்றத்து ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். அந்த ஆள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு போன்.

"கட்டரா? ஒரு பழைய லாரி இருக்கு, வெட்டணும். இன்னைக்கே வா."

கம்பெனி ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால் அதே லாரி. சிமெண்டு லாரி வெட்டப்படப் போகிறது, வெட்டப் போகிறவன் நான்! அன்றைக்கு அச்சுக்கு அடியில் கிடந்த என் முகத்தை சூப்பர்வைசர் பார்க்கவில்லை, அதே ஆள் என்று அவனுக்குத் தெரியாது. சிலிண்டர் பின்னால் நின்று அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, என்னையே கூப்பிட்டிருக்கான்."

"சரியாப் போச்சு. மாட்டேன்னு சொல்லாத, வேற ஆளக் கூப்பிட்டுருவான். அரை மணி நேரத்துல வர்றேன், போலீசுக்கும் சொல்லிடுறேன். சக்கரத்த மட்டும் கழட்டி வை. கட்டரப் பத்த வைக்காத, ஒங்கையி சும்மா இருக்காது."

வலது பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டை உள்ளே உரசுகிற இரும்பு டிரம்மைத் திறந்தேன். உள்பக்கம் பளபளவென்று முகம் பார்க்கலாம். ஓடுகிற பிரேக் என்றால் அப்படித்தான் இருக்கும். இடது டிரம்மைத் திறக்கும்போது அக்கா வந்துவிட்டார். உள்ளே செக்கச்செவேல் என்று துரு. மாசக்கணக்கில் அந்தச் சக்கரத்தில் பிரேக் கட்டை உரசவே இல்லை. குழாய் போனால் என்ன, டிரம் சாட்சி சொல்கிறது!

அக்கா டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்தார். படத்தை அந்த நிமிஷமே வக்கீலுக்கு அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டான் சூப்பர்வைசர்.

"யாருடி நீ? போனைக் குடு!"

"கோர்ட்டு உத்தரவு இருக்கு. படிக்கத் தெரியுமா, நான் படிச்சுக் காட்டவா?"

மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் சம்மட்டியோடு டிரம்மை உடைக்கப் பாய்ந்தான். அக்கா அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டார், அன்றைக்கு டிரைவர் மேல் விழுந்த மாதிரியே. அவன் சம்மட்டியை ஓங்கியபடியே நின்றுவிட்டான். சூப்பர்வைசர் நிற்கவில்லை. ஜாக்கிக் கம்பியால் அவர் விலாவில் அடித்தான். ஒன்று. இரண்டு. மரக்கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கும்போது வீல் ஸ்பானரால் அவன் மணிக்கட்டில் போட்டேன். கை ஒரு பக்கமாகத் தொங்கியது. என் தலையில் என்ன விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கண்ணில் ரத்தம் இறங்க இறங்க ஸ்பானரைச் சுற்றிக்கொண்டே நின்றேன். போலீஸ் வரும்போது அக்கா டிரம்மை விட்டிருக்கவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தோம்.

விலா எலும்பு நுரையீரலில் இறங்கியிருந்தது. பதினோரு நாள் இருந்தார். படுத்துக்கொண்டே எனக்குச் சாட்சி சொல்லப் பாடம் நடத்தினார்.

"'ஞாபகமில்ல'ன்னு மட்டும் சொல்லிராத. மடிப்பப் பாத்தேன், நான்தான் வெட்டுனேன், என் தப்புன்னு சொல்லு. தப்ப ஒத்துக்குறவனத்தான் நீதிபதி நம்புவாரு."

அப்படியே சொன்னேன். கம்பெனி வக்கீல் எதுவரை படித்தேன் என்று கேட்டார். நாலாவது, அதில் இரண்டு வருஷம் ஒரே வகுப்பு என்றேன். நீதிபதியே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த லாரிக் கம்பெனியும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது வீடுகளுக்கு இரும்பு கேட்டும் ஜன்னலும் செய்து கொடுக்கிறேன். அக்காவை அடித்தவன் ஜெயிலுக்குப் போனான். தீர்ப்பு வர இரண்டு வருஷம் ஆனது. நஷ்டஈடு கிடைத்தது. அதைவிடப் பெரிசு, தீர்ப்பில் இந்த வரி வந்தது: விபத்துக்குக் காரணம் லாரி உரிமையாளர் பழுதைத் தெரிந்தே ஓட்டச் செய்தது, மொபெட் ஓட்டியவர் மீது எந்தத் தவறும் இல்லை.

கடைசி நாள் மத்தியானம் மூச்சு வாங்க வாங்க அக்கா ஒன்று கேட்டிருந்தார்.

"தீர்ப்பு வந்தா தபால்ல அனுப்பக் கூடாது. நீயே எடுத்துட்டுப் போயி அந்த மச்சான் முன்னாடி நின்னு சத்தமா வாசி. எழுத்துக் கூட்டி வாசிச்சாலும் பரவால்ல, மெதுவா வாசி. அவன் அடிப்பான். வாங்கிக்கோ. கைய ஓங்குன, புள்ள கெடைக்காது. முழுசா வாசிச்சு முடிச்சு, புள்ளையக் கூட்டிட்டு வந்து அவங்கப்பன்கிட்ட விடு."

பெயிண்ட் கடை திறந்திருந்தது. வாசலில் நின்று தாளைப் பிரித்தேன். "விபத்துக்குக் காரணம்" வரை வந்தபோது முதல் குத்து விழுந்தது. உதடு கிழிந்தது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெயிண்ட் டப்பா ஒன்று வந்து நெற்றியில் பட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாள் கீழே விழுந்துவிட்டது. பரவாயில்லை, அந்த வரி எனக்கு மனப்பாடம். மூன்றாவது முறை கடைசி வார்த்தைவரை போக விட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"திரும்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து தங்கச்சி பேரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் எழுந்து உள்ளே போனார். வெளியே வரும்போது ஒரு கையில் பள்ளிக்கூடப் பை இருந்தது, மறு கையில் எட்டு வயசாகிவிட்ட அந்தப் பிள்ளை.