குசினிப் பிரிட்ஜின் சுருதி

“ட்ரம்பெட்டைப் பற்றி உமக்கென்ன தெரியும்? சும்மா இரும்,” என்றார் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா. சொந்த அக்கா இல்லை, மூத்த மாணவி; பொறியியல் படித்தார். சும்மா இருப்பது எனக்கு வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்.

எழுபதுகளின் நடுவில், வெளிநாட்டுக்குப் படிக்க வந்து, கிளேட்டனில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து அறையில் ஒரு ஜாஸ் கலைஞர். வயது இருபத்தேழு. பின்னேரம் நான்கு மணிக்கு ட்ரம்பெட் ஊதத் தொடங்குவார். நான்கு மணிக்குத்தான் நான் இரசாயனம் படிப்பேன். வீட்டுக்கார அம்மாவிடம் முறையிட்டேன். எழுத்தில் கொண்டு வரச் சொன்னார்.

ஆகவே நாள், நேரம், ஊதியது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். பள்ளிப் பரீட்சையில் சங்கீதத்துக்கு எனக்கு அதிதிறமைச் சித்தி, ஆக உயர்ந்த தரம். ஸ, ரி, க என்று சுரம் போட்டே எழுதினேன். மூன்று மாதத்தில் பதினெட்டுப் பக்கம். பாதிக்கு மேல் ஒரே மெட்டு. ‘இன்றும் சரிவரவில்லை’ என்று ஓரத்தில் குறித்திருந்தேன். அவர் அதை அப்போதுதான் ஆக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

கொப்பியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுக்குமுன் அந்த ட்ரம்பெட்காரர் இறந்துவிட்டார். பிறவியிலேயே இதயத்தில் கோளாறாம். ஊதக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம்.

அவருடைய பொருட்களை எடுக்க, அவரோடு வாசித்த பியானோக்காரர் வந்தார். அடுத்த மாதம் நினைவுக் கச்சேரி என்றார். கடைசி மெட்டை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை, இறந்தவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை என்றார். அப்போதுதான் நான் கொப்பியை எடுக்க எழுந்தேன். அக்கா சும்மா இருக்கச் சொன்னார்.

பியானோக்காரர் பதினெட்டுப் பக்கத்தையும் பார்த்தார். சுரங்களை விளக்கினேன். எந்தச் சுருதி என்று கேட்டார். ஸ எங்கேயும் இருக்கலாம் என்றேன். அவன் எங்கேயும் ஊதுகிறவன் இல்லை, சுருதி இடம் மாறினால் அது அவனுடைய மெட்டே இல்லை என்றார். நீ எதை ஸ என்று வைத்தாய் என்று கேட்டார்.

“பிரிட்ஜை,” என்றேன்.

தம்புரா இல்லாத வீட்டில், சுவருக்கு அப்பால் குசினியில் ஓயாமல் ரீங்கரித்தது அது ஒன்றுதான். அவர் சிரிக்கவில்லை. எழுந்து குசினிக்குப் போனார். அங்கே புதுப் பிரிட்ஜ் ஒன்று சத்தமே இல்லாமல் நின்றது. பழையதைப் போன வாரம்தான் வீட்டுக்கார அம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த குடும்பம் ஒன்றுக்கு விற்றிருந்தார். அதன் சத்தத்தைப் பற்றியும் நான் முறையிட்டிருந்தேன். அந்த வீட்டுக்கே போய்க் கேட்போம் என்றேன்.

“கதவைத் திறந்தால் என்னெண்டு சொல்லப்போறீர்?” என்றார் அக்கா. “உங்கட பிரிட்ஜைக் கேக்க வந்தனாங்கள் எண்டோ?”

“ஓம் அக்கா.”

“பைத்தியம் எண்டு நினைக்கப்போகினம்.”

“நினைக்கட்டும். நீங்களும் வாறீங்களோ?”

அக்கா சப்பாத்தைப் போட்டார். பியானோக்காரர் கொப்பியைக் கையில் வைத்திருந்தார். அன்று சனிக்கிழமை. நான்கு மணிக்கு, அந்த வீட்டு மணியை நான் அடித்தேன்.