பந்தைப் பார்த்தது யார்?

லென் பாவ்லாக்கிடம் எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. பிலடெல்பியாவின் வடகிழக்குப் பக்கம் பாதி ஆயுசைப் பேருந்து ஓட்டியே கழித்தவர். இந்த வண்டி ஃபிராங்க்ஃபோர்டு போகுமா என்று யாராவது கேட்டால், தினமும் போகிற வண்டிதான், அதற்கும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். ஆனால் சனிக்கிழமை கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிவிட்டால் ஆளே வேறு. தொந்தி விழுந்த பிளம்பர்களும் தீயணைப்புக்காரர்களும் மோதிக்கொள்ளும் உள்ளூர் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் அவர் ஓரக்கோட்டு நடுவர். ஓடிவந்து காலை ஊன்றினார் என்றால் அதுதான் பந்து நின்ற இடம், மறுபேச்சு கிடையாது. வாரத்தில் அந்த ஒரு நாளாவது என் புருஷனுக்கு ஒரு முடிவு எடுக்கத் தெரிகிறதே என்பாள் மனைவி டோரீன்.

இந்த வருஷம் அந்த ஒரு நாளுக்கும் வேட்டு வைத்தது 'தள்ளு'.

நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டிய, இல்லாவிட்டால் பந்தை எதிரணியிடம் விட வேண்டிய ஆட்டம் இது. கடைசி முயற்சி, ஒரே ஒரு கஜம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக் தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் நிற்கும் தடியர்களின் முதுகுக்குள் புகுவான். பின்னாலிருந்து இரண்டு பேர் அவன் புட்டத்தில் கைவைத்துத் தள்ளுவார்கள். அவ்வளவுதான் வித்தை. நம் ஊர்ப் பெரிய அணி ஈகிள்ஸ் இதைச் செய்யும்போது எவனாலும் தடுக்க முடிவதில்லை. மற்ற ஊர் அணிகளின் முதலாளிகள் கூடி வாக்கெடுத்துத் தடை போடப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன!

பேருந்தில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இதே பேச்சு. கழுத்து ஒடிந்துவிடும், தடை செய்ய வேண்டும் என்றார் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். லென்னுக்கு அது சரியாகத்தான் பட்டது. இதுவரை எவன் கழுத்து ஒடிந்தது, ஒரு பெயர் சொல்லுங்கள் என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு நர்ஸ் மடக்கினாள். அதுவும் சரிதான். முடிந்தால் தடுக்கட்டும், முடியாதவன் ஏன் சட்டம் கேட்கிறான் என்றான் இன்னொருவன். பார்க்கச் சகிக்கவில்லை, மாட்டைத் தொழுவத்துக்குள் தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. கடைசி நிறுத்தம் வருவதற்குள் லென் எல்லோருடைய கட்சியிலும் சேர்ந்து விலகியிருந்தார்.

இந்த நிலைமையில்தான் உள்ளூர் லீக்கின் இறுதி ஆட்டம் வந்தது. ஒரு பக்கம் மானயங்க் அணி. அவர்களின் மேலாளர் கஸ் மனோலிஸ், காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மறுபக்கம் பிரைட்ஸ்பர்க். அதன் மேலாளர் ரே, டோரீனின் தம்பி. மைத்துனன் அணிக்கு லென் நடுவரா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சொந்தமில்லாத நடுவரைத் தேடினால் ஆட்டமே நடக்காது.

பிரைட்ஸ்பர்க் கோப்பையைத் தொட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள், நேரம் முடியப் போகிறது. கடைசி முயற்சி, ஒரு கஜம் பாக்கி. அது கிடைத்தால் பந்து அவர்களிடமே இருக்கும், கோப்பை கையில். கிடைக்காவிட்டால் மானயங்க் அங்கிருந்தே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்து ஜெயித்துவிடும். ரே வேறெதையும் யோசிக்கவில்லை. தள்ளு என்றான்.

தள்ளினார்கள். இருபது ஆள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஒரு குவியல். அதற்குள் பந்து எங்கே, முழங்கை எங்கே, எவன் பல் எங்கே, யாருக்குத் தெரியும்? லென் வடக்கு ஓரத்திலிருந்து ஓடினார், அவருடைய சகா டோலிவர் தெற்கிலிருந்து. தபால்காரர் டோலிவரும் லென்னும் எத்தனையோ சீசன்களாக ஜோடி. இந்த ஜோடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்து யார் பக்கம் கிடக்கிறதோ அவர் முதலில் காலை ஊன்றுவார், மற்றவர் அந்தக் காலுக்கு நேராகத் தன் காலை வைப்பார். இரண்டு நடுவர், இரண்டு இடம் என்று நின்றால் கூட்டம் பிய்த்துவிடும். பந்து தன் பக்கம் இல்லை என்பது லென்னுக்குத் தெரிந்தது. குவியலுக்கு அப்பால் டோலிவரின் கறுப்பு ஷூ மெல்ல மெல்ல வந்து நின்றது. லென் அதற்கு நேராக ஊன்றினார். பத்து கஜச் சங்கிலியைக் கொண்டுவந்து அளந்தார்கள். தேவையானதைவிட உள்ளங்கை அகலம் அதிகமாகவே இருந்தது. ரே மைதானத்தில் உட்கார்ந்து அழுதான். கோப்பை அவன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

தள்ளுக்குத் தடை வேண்டும் என்று கஸ் லீக்குக்கு மனுப் போட்டார். மேலாளர்கள் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தார்கள். மிச்சமிருந்த ஒரே வாக்கு நடுவர்கள் சார்பில் மூத்தவருக்கு, அதாவது, பாவம், லென்னுக்கு.

தடைக்குக் கை தூக்கினால் ரே ஜெயித்ததே பிசகு என்று மாமா சொன்ன மாதிரி ஆகும், வேண்டாம் என்றால் மாமா காப்பாற்றினார் என்று ஊர் சொல்லும். டோரீனிடம் போய் நின்றார். அவள் வாணலியில் ஸ்கிராப்பிள் இறைச்சித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே, "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு, லென்," என்றாள்.

"அதுதான் சிக்கலே. எனக்கு எல்லாமே தோணுது."

கூட்டம் படைவீரர் சங்கத்தின் பின்னறையில் நடந்தது. பிரெட்ஸலும் கடுகுச் சாந்தும் பியரும் இருந்ததால் வேலை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். டோலிவர் கதவோரம் காகிதத் தட்டோடு நின்றார். லீக் தலைவர் வாக்கெடுப்புக்கு எழுந்தபோது கஸ் கையமர்த்தினார்.

"தடை இருக்கட்டும். லென், ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் குவியலுக்குள்ள பந்தை உன் கண்ணால பார்த்தியா?"

லென் வழக்கம்போல் யோசித்தார். "இல்ல. டோலிவர் பார்த்தார். அவர் காலைப் பார்த்துத்தான் நான் வச்சேன்."

அதில் தப்பில்லை, எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ரே கம்பீரமாக நாற்காலியில் சாய்ந்தான். டோலிவர் மட்டும் மெல்வதை நிறுத்திவிட்டார்.

"லென்," என்றார் மெதுவாக, "நான் உன் காலைப் பார்த்துத்தானே வச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடி அடியாகச் சேர்ந்தே நடந்து, அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள்.

"சங்கிலி மட்டும் சரியா அளந்திருக்கு," என்றார் கஸ். குரலில் கோபம்கூட இல்லை.

தலைவர் வாக்கைக் கேட்டார். தள்ளியவர்கள் ஒழுங்காகத்தான் தள்ளினார்கள், தடுத்தவர்களும் ஒழுங்காகத்தான் தடுத்தார்கள். குற்றம் கண்ணில் இருக்க, ஆட்டத்துக்கு ஏன் தண்டனை? விட்டுவிட்டாலோ, அடுத்த வருஷமும் அதே குவியல், அதே இரண்டு கால். எது நியாயம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. கை தூக்கினார். தள்ளு தடையாயிற்று. ஏன் தூக்கினேன் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்திருக்கிறது.

கோப்பையைத் திருப்பிக் கொடு என்று கஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரேவுக்குச் சண்டை போடவாவது ஏதாவது கிடைத்திருக்கும். வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் அவன் லென்னுக்காகக் காத்திருந்தான். லென் தடையைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

"தடை கிடக்கட்டும் மாமா, அது அடுத்த வருஷத்துப் பாடு. நாங்க ஜெயிச்சோமா?"

"தெரியல ரே."

"அங்க நின்னது நீங்கதானே?"

"ஆமா," என்றார் லென். "நான்தான் நின்னேன்."