கிடங்குத் தெருவின் பின்வாசல்

லாரிச் சத்தம் கேட்டாலே செங்கமலம் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். இயல்பில் அவள் பயந்தவள் இல்லை. குன்னத்துப் பக்கம் அடுத்தவர் பருத்திக் காடுகளில் களை வெட்டி வளர்ந்தவள். காலடியில் வந்த பாம்பைக் களைக்கொத்தாலேயே அடித்தவள். மாயவனைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்த பிறகு, அவன் மூட்டை தூக்கிய மண்டியிலேயே வெங்காயம் தரம் பிரிக்கப் போனாள். பயம் என்பது மகள் சிந்தாமணியோடு சேர்ந்து வந்தது. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

சிந்தாமணி சிறுமியாக இருந்தபோது, மண்டி வாசலில் ஒரு லாரி பின்புறமாக வந்தது. டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பிள்ளை சக்கரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சருகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுமை தூக்கும் ஆள் ஒருவன் தாவி இழுத்ததால் பிழைத்தாள். அந்த வாரமே செங்கமலம் மெட்ராஸ் ரோட்டோர வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கிடங்குத் தெருவில் ஒரு கூரை வீட்டுக்குக் குடிவந்தாள். பழைய பஞ்சுக் கிடங்கின் முதுகுப்பக்கம் ஓடிய குறுகலான தெரு அது. சைக்கிளும் மாட்டுவண்டியும் தவிர வேறெதுவும் வராது. சிந்தாமணியின் சங்கதி தெருவுக்கே தெரியும். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி, அவள் தோளைத் தொட்டுவிட்டு, தள்ளிக்கொண்டு போவார்கள்.

சிந்தாமணி வளர்ந்து பெரியவளான பிறகு, 1983 ஐப்பசி மழையின்போது அந்தச் செய்தி வந்தது. திருச்சி வியாபாரி பாலசுந்தரம் பஞ்சுக் கிடங்கை வாங்கிவிட்டார். அதை இடித்துவிட்டு மூன்று மாடியில் கடை கட்டப் போகிறார். ஜவுளி, பாத்திரம், மளிகை எல்லாம் ஒரே கூரைக்கடியில். தெருவில் பாதிப் பேருக்குச் சந்தோஷம்தான். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அரங்கநாதன்தான் விஷயத்தை விளக்கினார். கடையின் முகப்பு மெட்ராஸ் ரோட்டைப் பார்த்து இருக்கும். சரக்கு இறக்கும் வாசலோ பின்பக்கம், கிடங்குத் தெருவில். காலையிலிருந்து சாயங்காலம் வரை லாரி வரும்.

மறுநாள் செங்கமலம் மண்டிக்குப் போகாமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் எல்லோரும் அவள் பக்கம் நின்றார்கள். அரங்கநாதன் ஆட்சேப மனு எழுதினார். பக்கத்து வீட்டு இருசம்மாள் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள். மனு பேரூராட்சி ஆபீசுக்குப் போனது.

சில நாள் கழித்துக் கடை மேனேஜர் காசிநாதன் தெருவுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, நலம் விசாரித்தார். செங்கமலத்தின் வாசலிலும் நின்றார்.

"இந்தத் தெருவுல யார் வூட்டுக்கும் பட்டா இல்லையாமே. மனு கினுன்னு போயி, நாளைக்கு சர்வே சங்கிலிய எடுத்துக்கிட்டு அளக்க வந்தாங்கன்னா சிரமம்மா. எனக்கே மனசு கேக்காது."

அதற்குப் பிறகு தெரு மாறியது. கைநாட்டு வைத்தவர்கள் அவளைக் கண்டதும் வேறு பேச்சுக்குப் போனார்கள். இருசம்மாள் பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டாள். அரங்கநாதனுக்குப் புதுக் கடைக்குள்ளேயே ஒரு மூலையை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்களாம். அவர் மனுவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். மாயவனிடமும் கடையிலிருந்து ஆள் வந்தது. வாட்ச்மேன் வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம். மூட்டை தூக்கித் தூக்கி அவன் முதுகு அப்போதே வளைந்துபோயிருந்தது.

"இன்னும் எத்தினி நாளைக்கு நான் தூக்க முடியும்? நீ வாய மூடிக்கிட்டிருந்தா போதும் புள்ள," என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். வீடு போய்விடுமோ, இவன் முதுகு ஒடிந்துவிடுமோ, பிள்ளை சக்கரத்தில் விழுந்துவிடுமோ என்று மூன்று பயமும் மாற்றி மாற்றி வந்து நின்றன. கடைசியில் பிள்ளையைப் பற்றிய பயமே ஜெயித்தது. விசாரணை நாளன்று மகளைக் கூட்டிக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குப் போனாள். தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

இவ்வளவு பெரிய கடை வந்தால் ஊருக்கு நல்லதுதானே என்று அதிகாரி கேட்டார்.

"கடை வேணாம்னு சொல்லலீங்க சார். வாசல அந்தாண்ட வைக்கச் சொல்லுங்க. எம் பொண்ணுக்கு ஆரன் கேக்காதுங்க."

லாரி மெதுவாகத்தான் வரும் என்றார் காசிநாதன். அதிகாரி இருவரையும் பார்த்துவிட்டு, இடத்தை நேரில் பார்க்கிறேன் என்று முடித்துவிட்டார். செங்கமலத்துக்கு நம்பிக்கை போய்விட்டது.

அதிகாரி வந்த நாளில் செங்கமலம் குழாயடியில் இருந்தாள். ஜீப் தெருமுனையில் திரும்பியது. சிந்தாமணி அப்போதுதான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் ஆரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை. இரண்டு பக்கமும் சுவர். திமிர் பிடித்த பெண் என்று நினைத்தானோ என்னவோ, ஆரனை அழுத்தியபடியே அவள் முதுகுக்குப் பின்னால் வண்டியை நகர்த்தினான். செங்கமலம் ஓடினாள். கத்தினாலும் யாருக்குக் கேட்கப் போகிறது? வண்டி முகப்பு குடத்தை உரசும் நேரத்தில் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு வந்த இருசம்மாள், சிந்தாமணியைத் தலைமுடியோடு பிடித்துத் தன் வாசலுக்குள் இழுத்தாள். குடம் உருண்டது.

அதிகாரி கீழே இறங்கி, குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். ஜீப்பைத் திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

உத்தரவு வந்தது. சரக்கு வாசல் மெட்ராஸ் ரோட்டுப் பக்கமே இருக்க வேண்டும். கிடங்குத் தெருப் பக்கம் முழுக்கச் சுவர் எழுப்பி மூட வேண்டும். தெரு கொண்டாடியது. மாயவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கவில்லை. அவன் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டு மறுபடி மூட்டை தூக்கப் போனான். அளக்க யாரும் வரவில்லை. ஆனாலும் சங்கிலியோடு எவனாவது ரோட்டில் போனால், அவன் கண்மறையும் வரை செங்கமலம் வாசலிலேயே நிற்பாள்.

கடை திறந்தது. தெருவே போய்ப் பார்த்தது. சிந்தாமணியும் இருசம்மாளோடு போனாள். அங்கே அவள் வயதுப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் நின்று துணி மடித்ததைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டிலிருந்த கந்தலையெல்லாம் எடுத்து அதேபோல் மடித்துக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இருசம்மாள் போய்க் கேட்டாள். காசிநாதன் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சரி என்றார்.

செங்கமலம்தான் முடியாது என்றாள். வேலையாட்கள் போகும் வழி, கடை முகப்பின் ஓரத்தில் லாரிகள் பின்புறமாக வந்து நிற்கும் அதே வாசல். அதற்கு மெட்ராஸ் ரோட்டோரமாகவே நடந்து சுற்றிப் போக வேண்டும். சிந்தாமணி இரண்டு வேளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மாயவன் அன்றுதான் வாயைத் திறந்தான்.

"சொவர் வேணும்னு கேட்டது நீதான புள்ள. இப்ப அந்தாண்ட போவாதன்னா அவ என்ன செய்வா?"

செங்கமலம் காசிநாதனிடமே போய் நின்றாள். பின்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்காகப் போட்ட உத்தரவும்மா அது. அத நான் எப்புடி ஒடைக்கிறது?"

பின்னே வேறு வழியில்லை. தினமும் காலையில் ரோட்டுப் பக்கமாகத் தான் நடந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய் வாசலில் விட்டாள். ஒரு மாதம் போனது. ஒருநாள் சிந்தாமணி கையை உருவிக்கொண்டாள். கோபமாக இல்லை, உறுதியாக. முன்னே நடந்தாள். சற்று நேரத்துக்கொருமுறை தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள், மேலே நடந்தாள். பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்த அம்மாவையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ என்று கையை வீசினாள்.

அதன் பிறகு செங்கமலம் மண்டியில் வெங்காயத்தோடு உட்கார்ந்து, ரோட்டில் போகும் ஒவ்வொரு லாரியும் பிரேக் போடாமல் கடந்து போகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தீபாவளி நெருங்கிய ஒரு சாயங்காலம் கடையில் வியாபாரம் முடியவில்லை. சிந்தாமணி வர நேரமானது. பொறுக்க முடியாமல் புறப்பட்டு ரோட்டுக்கு வந்தாள். சரக்கு வாசலுக்கு எதிரே, வளைந்த முதுகோடு மாயவன் துண்டை உதறிக்கொண்டு நின்றிருந்தான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்," என்றான்.

அவளும் அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு லாரி வாசலை நோக்கிப் பின்புறமாக வரத் தொடங்கியது. இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.