மாமா குடித்ததில்லை

நாளிதழ் படிக்கும்போது மாமா ஒரு விரலால் வலது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அம்மாவின் தம்பி அவர். கிள்ளானில் ஒரு கிடங்கில், லோரிகளில் சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துக்கொள்ளும் கிராணியாக இருந்தார். இரண்டு இமைகளும் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மதியத்துக்கு மேல் நடை தள்ளாடும், பேச்சு குழறும். கூப்பிட்டால் சில நேரம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். கிடங்கிலும் அப்படியே நினைத்து ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் மீது மதுவாடை வீசி நான் அறிந்ததில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

என் நிச்சயதார்த்தம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். தாய்மாமன் என்ற முறையில் மாமாதான் சபையில் முன்னால் உட்கார வேண்டும். இரண்டு நாள் முன்னதாக நான் தனியாக அவருடைய பிளாட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அன்னிக்கு நீங்க வர வேணாம். அவங்க ஆளுங்க தப்பா நெனச்சிருவாங்க."

"நான் குடிக்கிறதில்லம்மா," என்றார்.

"எனக்குத் தெரியும் மாமா. அவங்களுக்குத் தெரியாதே."

சரி லா, என்று சொல்லிவிட்டு எனக்கு மைலோ கலக்க எழுந்து போனார். தெரியாமல் செய்திருந்தால் இன்று கொஞ்சமாவது தலைநிமிர்ந்து எழுத முடியும். தெரிந்துதான் செய்தேன். பிறகு கல்யாணத்துக்கு முறையாக அழைத்தோம். அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் மகள் பதினொரு வயதில் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். சோம்பேறி என்று திட்டினேன். ஒருநாள் வகுப்பில் வலிப்பு வந்து விழுந்தாள். கோலாலம்பூரில் பல மாதப் பரிசோதனைகளுக்குப் பிறகு ஒரு மரபணு மருத்துவர் தாளில் எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்தார். அம்மா வழியில் யாருக்காவது சர்க்கரை, காது மந்தம், இமைத் தொய்வு உண்டா என்று கேட்டார். பதில் உடனே நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனி மரபணுக்கள் உண்டு, அவை தாயிடமிருந்து மட்டுமே வரும். அவற்றின் நீண்ட எழுத்து வரிசையில், எங்கள் குடும்பத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாவைப் பெற்றவளிடமிருந்து அம்மாவுக்கும் மாமாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து மகளுக்கு. பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு ஆளுக்கு ஆள் கூடும், குறையும். அம்மாவுக்குச் சர்க்கரையோடு நின்றது. எனக்கு இதுவரை ஒன்றுமில்லை. குணப்படுத்த மருந்து இல்லை என்றார் மருத்துவர். சில சத்து மாத்திரைகள், பசியோடு விடாமல் பார்த்துக்கொள்வது, அளவான உடற்பயிற்சி, ஆகாத சில வலிப்பு மருந்துகளைத் தவிர்ப்பது, இவ்வளவுதான். மாமாவையும் அழைத்து வரச் சொன்னார். அவருடைய இதயத்தைப் பார்க்க வேண்டும், சர்க்கரைக்கு அவர் சாப்பிட்டு வரும் மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்.

பதினான்கு வருடத்துக்குப் பின் அந்த பிளாட்டின் படி ஏறினேன். காதருகே குனிந்து, மருத்துவர் சொன்னதை உரக்கச் சொன்னேன். மாமா முழுதும் கேட்டார்.

"அப்ப, கெடங்குல நான் தள்ளாடினது?"

"அதுவும் இதனாலதான் மாமா."

ஒரு விரலால் வலது இமையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு, "புள்ள சாப்பிடுதா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

குறித்த நாளில் மருத்துவமனையில் தாதி படிவத்தை நிரப்பிக்கொண்டே, மது அருந்தும் பழக்கம் உண்டா என்று மலாயில் கேட்டார். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். இல்லை, ஒரு நாளும் இல்லை என்று வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். எங்களை அறியாதவர்கள் நடுவில் அதைச் சொல்ல எனக்கு எந்தத் துணிச்சலும் தேவைப்படவில்லை.

மாமாவுக்குக் காதில் விழவில்லை. "என்னம்மா கேட்டாங்க?" என்றார்.

"வயசு கேட்டாங்க மாமா," என்றேன்.