வாய் திறக்கக் கூடாத தேர்வு

சலவைக் கடையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் நாத்தனார். கல்யாணமாகி வந்த முதல் வாரமே வைத்துவிட்டார். துணி கொடுக்க வந்தவரிடம் கறை எப்படிப் பட்டது என்று ஆரம்பித்தால், அவருடைய மகள் எந்த வகுப்பு, மாமியாரின் முட்டிவலி தேவலையா என்பது வரைக்கும் போய்த்தான் பேச்சு நிற்கும். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குக் கால் கடுத்துவிடும். ஆனாலும் ஒருவரும் வேறு கடைக்குப் போனதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ரேடியோ கணினி அறிவியலில் பட்டம் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் கடையிலிருந்த பெரிய துவைக்கும் இயந்திரம். ஒருநாள் பாதித் துவைப்பில் அது மக்கர் செய்தது. பழுது பார்க்க வந்தவர் பையிலிருந்து ஸ்பேனர் எடுக்கவில்லை, லேப்டாப்பை எடுத்தார். ஒயரைச் செருகி ஏதோ சில வரிகளை மாற்றி எழுதினார். இயந்திரம் நல்ல பிள்ளையாக ஓட ஆரம்பித்தது.

"அப்ப இதை ஓட்டுறது மோட்டார் இல்லையா? நீங்க எழுதுனதா?" என்று பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்த மூன்று கேள்வி வந்தது. மனிதர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிட்டார். அவளை மட்டும் அந்த ஆசை விடவில்லை. அடுத்த சேர்க்கையில் மாலைக் கல்லூரியில் பெயர் கொடுத்துவிட்டாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? இங்க இஸ்திரி போட ஆளில்லாம நான் அல்லாடுறேன்" என்றார் நாத்தனார்.

"படிக்கட்டும் விடுக்கா. கொஞ்ச நேரமாவது அங்க போய்ப் பேசிட்டு வரட்டும்" என்றார் கணவர். அவருக்கு அவர் நிம்மதி.

பட்டம் என்ன, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற துணியா? அல்காரிதம், நெட்வொர்க், டேட்டாபேஸ் என்று கட்டாயப் பாடங்கள் ஒரு பக்கம். ஆய்வுக்கூடத்தில் உட்கார வேண்டிய நேரம் இன்னொரு பக்கம். இதெல்லாம் போதாதென்று, கணினிக்குச் சம்பந்தமே இல்லாத பாடம் ஒன்றாவது படித்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி. அவள் பாறைகளைப் பற்றிய பாடத்தை எடுத்தாள். அந்தப் பருவம் முழுவதும் துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் எரிமலையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர முடிந்தது. கணிதத்தில் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். மூன்றாவது முறை ஒரு கை பார்த்துவிட்டாள். கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தேவை, இறுதித் திட்டப்பணி.

அவள் எழுதிய புரோகிராம் எளிமையானது. சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் வாடிக்கையாளரின் துணியை, நிறம், வகை, கொடுத்த நாள் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து, எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று காட்டும். அதை எழுதுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. சிரமம் தேர்வில் இருந்தது. இதுவரை அந்தப் புரோகிராமைப் பார்த்தே இராத ஒருவரை அழைத்துவந்து தேர்வாளர்கள் முன் உட்கார வைக்க வேண்டும். அவர் தாமாகவே இயக்க வேண்டும். எழுதியவர் பின்னால் நிற்கலாம், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது.

யாரைப் பார்த்து என்ன விதி போட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

முதல் தடவை மருந்துக் கடைக்காரரை அழைத்துப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், "அண்ணே, மேல, மேல, அந்தப் பச்சை பட்டன்!" என்று இவள் வாய் முந்திக்கொண்டது. மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டபடியே அடுத்த பட்டனையும் சொல்லிவிட்டாள்.

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "வேலை செய்யறது உங்க புரோகிராம் இல்லைம்மா, நீங்க. அடுத்த தேர்வுக்கு வாங்க."

அடுத்த தேர்வுதான் கடைசி. சேர்ந்ததிலிருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், தவறினால் தேறிய பாடங்களும் செல்லாது. கணிதம், எரிமலை எல்லாம் போயே போச்சு.

"வாயில தண்ணிய வச்சுக்கோ" என்று யோசனை சொன்னார் கணவர். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவள் செய்தே பார்த்தாள். பக்கத்துக் கடைத் தையல்காரரை உட்கார வைத்து, வாய் நிறையத் தண்ணீரோடு பின்னால் நின்றாள். தையல்காரர் ஒரு பக்கத்துக்குள் போய் மாட்டிக்கொண்டு, திரும்பி வரத் தெரியாமல் முழித்தார். அவ்வளவுதான். தண்ணீர் முழுவதும் தையல்காரரின் தலையிலும் கீபோர்டிலும் தெளித்தது.

கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது தான் சொல்லத் துடித்தது என்ன? 'தப்பாப் போயிட்டீங்களா, பரவாயில்லை, இங்க தொட்டா திரும்பி வந்துரலாம்.' அதை ஏன் அந்தப் புரோகிராமே சொல்லக் கூடாது? தன் நாக்கு அரிக்கிற இடமெல்லாம் அதில் ஓட்டை இருக்கிற இடம்! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரத் தலையோடு இருந்த தையல்காரருக்குக் காரணம் புரியவில்லை.

அதன்பிறகு தெருவில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர், தபால்காரர், மாடிவீட்டு டீச்சர், அவருடைய மருமகன் என்று எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் தடுமாறிய இடத்திலெல்லாம் இவள் வாய்க்கு வந்ததை அப்படியே உள்ளே எழுதி வைத்தாள். நாத்தனார் மட்டும், "அந்தப் பொட்டி பக்கமே என்னைக் கூப்பிடாதே" என்று இஸ்திரி மேசையை விட்டு நகரவில்லை.

தேர்வு நெருங்கியபோது யாரை அழைத்துப் போகலாம் என்று யோசித்தவள் திடுக்கிட்டாள். புரோகிராமை முன்பு பார்த்திராதவர் வேண்டும். இவள்தான் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் காட்டித் தீர்த்துவிட்டாளே! காட்டாமல் மிஞ்சியிருந்தது ஒரே ஒருவர்.

"அண்ணி, நீங்கதான் வரணும். உங்களை விட்டா ஆளில்ல."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வர்றேன். ஆனா உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். புரியலைன்னா புரியலைன்னுதான் சொல்லுவேன்."

தேர்வு அறையில் நாத்தனார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். வெளியூர்த் தேர்வாளர் வாடிக்கையாளராக நடித்தார். "சீட்டு தொலைஞ்சு போச்சும்மா. என் பழுப்பு கோட் வேணும்."

"சீட்டு இல்லாம எங்க கடையில துணி தர்றதில்லைங்க" என்றார் நாத்தனார்.

"இன்னிக்கு ஒரு நாள் தாங்கம்மா" என்று அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று.

நாத்தனார் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரேடியோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு தொடக் கூடாத இடத்தைத் தொட்டு எங்கோ போய்விட்டார். பிறகு, அவள் எது நடக்கக் கூடாது என்று பயந்தாளோ அது நடந்தது. திரும்பி நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப என்ன பண்ணணும்?"

துறைத் தலைவியும் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் போய்ப் பதில் சொல்லக் கூடாதென்றால்! பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. சுவரில் இருந்த சுவிட்சையே வெறித்தாள்.

"நல்லா இருக்கு! பேச வேண்டிய நேரத்துல வாயை மூடிக்கிட்டு நிக்கிறா" என்று முணுமுணுத்தபடி நாத்தனார் திரும்பினார். அதற்குள் திரையில் பெரிய எழுத்தில் ஏதோ வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார். "தப்பா வந்துட்டீங்களா? பரவாயில்ல, ஒண்ணும் கெட்டுப் போகல. இங்க தொடுங்க." தொட்டார். "துணி என்ன நிறம்?"

"பழுப்பு" என்று திரையிடமே சொன்னார். சற்று நேரம் கழித்துத் திரையில் மறுபடி எழுத்து வந்தது. "அவசரமே இல்ல, நிதானமா பாருங்க. கீழ இருக்கிற நிறத்துல ஒண்ணைத் தொட்டா போதும்."

நாத்தனாரின் முகம் மாறியது. குனிந்து இன்னொரு தரம் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுவும் உன்ன மாதிரியேல்ல பேசுது! பொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டியா நீ?"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நிறத்தைத் தொட்டார், கோட்டைத் தொட்டார், அது கேட்டதற்கெல்லாம் வாயாலும் ஒரு பதில் சொல்லிக்கொண்டே கிழமையைத் தொட்டார். "மூணாவது கம்பி, கடைசிக்கு முந்தினது. இந்தாங்க உங்க கோட்டு. அடுத்த தடவை சீட்டைப் பத்திரமா வைங்க" என்று தேர்வாளரை அதட்டினார்.

துறைத் தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு மதிப்பெண் போட்டார். "இனிமே நீங்க பேசலாம்மா" என்றார்.

பேசினாள். அடுத்த மாணவர் கதவைத் தட்டும் வரை பேசினாள். வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலும் வழியெல்லாம் பேசினாள். நாத்தனார் ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை.

பட்டமளிப்பு நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பெயர் கூப்பிடும்போது யாரும் சத்தம் போடக் கூடாது, கைதட்டலை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஒவ்வொருவராக மேடையேறினார்கள், சொன்னபடி அரங்கமும் அமைதியாக இருந்தது. அவளுடைய முறை வந்தது. யாரும் கூப்பிட்டுக் கேட்டு வெகுநாளாகியிருந்த தன் முழுப்பெயர் காதில் விழ, கறுப்பு அங்கி தடுக்காமல் மேலே ஏறினாள். சுருட்டிய பட்டத்தைக் கையில் வாங்கினாள்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். கணவர் கையைப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை.

"ரேடியோ! எங்க வீட்டு ரேடியோ!" என்று தொண்டை கிழியக் கத்தினார் நாத்தனார்.