ஓடாவி கட்டுன பாத்ரூமு

...அப்பொறம் என்ன, மாடியில மருமவ குளிச்சா கீழ மாமியாக்காரி கட்டுல்ல தண்ணி சொட்டுதாம்! அவ மேல சோப்பு போடுதா, இவ கீழ கொடையப் பிடிச்சிக்கிட்டு படுத்துக் கெடக்கா. சிரிக்காதளா, மெய்யாத்தான் சொல்லுதேன். அம்புட்டுப் பெரிய வீடு. சுவரெல்லாம் டைல்ஸு, மொகம் தெரியுது. என்ன பிரயோசனம்? டைல்ஸ ஒட்டுததுக்கு முந்தி தரையில தண்ணியக் கட்டிப் பாத்தாளான்னு கேளு. பாக்கல. பாக்கச் சொல்ல ஆளும் இல்ல.

நீயும் வீடு எடுக்கப் போறங்கதுனாலதான் சொல்லுதேன். இப்பிடி நெழல்ல வா. எங்க பாத்ரூமு கட்டின கூத்து ஒனக்குத் தெரியுமா? தெரியாதா? அட, அப்ப நீ பொறக்கவே இல்லல்லா.

புது ஹார்பர் வேல நடந்துக்கிட்டு இருந்த சமயம். லாரி லாரியா கல்லு போவும், கொடியில காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. அப்பத்தான் வாடக வீட்டுல இருந்துக்கிட்டே இந்த மனையில வீடு கட்ட ஆரம்பிச்சோம். எங்க வீட்டு அவிய ஓடாவி. தோணி கட்டுதவிய. பெரிய பெரிய சரக்குத் தோணி, கொழும்புக்குப் போறது, அதெல்லாம் அவிய கை பட்டது. மரம் அறுக்கது, பலவ வளைக்கது, பலவைக்கும் பலவைக்கும் நடுவுல பஞ்சத் திணிச்சு குங்கிலியம் காச்சி ஊத்தி அடைக்கது. கலப்பத்து அடிக்கதுன்னு சொல்லுவாவ. அவிய அடைச்ச தோணியில ஒரு சொட்டு தண்ணி ஏறாதுன்னு கடக்கரையே சொல்லும். அந்தப் பெருமைதான் எனக்கு வினையா வந்துச்சு. சொல்லுதேன் கேளு.

அதுவரைக்கும் நாங்க பொம்பளைய குளிச்சது எங்கன? கொல்லையில, ஓலத் தட்டி மறப்புல. அதுவும் விடியுததுக்கு முந்தி. காத்தடிச்சா ஒரு கை தட்டியப் பிடிக்கும், ஒரு கை சொம்பப் பிடிக்கும். அழுக்குத் தேய்க்க மூணாவது கைக்கு எங்க போக? சேலையோட குளிச்சு சேலையோட நடுங்கிக்கிட்டு ஓடியாரணும். எனக்கு ஒரே ஒரு ஆச. பட்டப்பகல்ல, கதவப் பூட்டிக்கிட்டு, ஆற அமர ஒக்காந்து, எம் முழங்கால நானே பாத்துத் தேய்ச்சுக் குளிக்கணும். நகை கேக்கல, பட்டு கேக்கல. வீட்டுக்குள்ள ஒரு பாத்ரூமு கேட்டேன்.

எங்க மாமியா அப்பிடியே எந்திரிச்சு நின்னுட்டாவ. "ஏலே, ஒம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள கொளம் வெட்டச் சொல்லுதாலே!"

அவியளயும் குத்தஞ் சொல்ல முடியாது. பாத்ரூமுக்குன்னு விட்ட எடத்துக்கு அடுத்த ரூமு அவியளுக்கு. அந்தச் சுவத்துலதான் மாதா படம் மாட்டணும், அந்தச் சுவத்து ஓரந்தான் கட்டுலு. ஏற்கனவே முட்டு வலி. சுவரு ஓதம் ஏறுனா ராவெல்லாம் யாரு முனங்கது?

"சரி, கட்டுங்க. கட்டி முடிச்சு உள்ள தண்ணிய நெறச்சு வையிங்க. எஞ் சுவத்துல ஈரம் வந்துச்சு, அன்னைக்கே அது வெறகு போடுத ரூமு. இவ தட்டிக்குப் பின்னாலயே குளிக்கட்டும்."

"சரிம்மா"ன்னுட்டாவ அவிய.

கொத்தனாரு வந்தாரு. ஆத்தூர்ப் பக்கத்துக்காரரு, நல்ல மனுசன், வாயி மட்டும் நீளம். எவ்வளவு எடம் வேணும்னு கேட்டாரு. எனக்கு அடிக்கணக்கு தெரியுமா, எழுத்துக்கணக்கு தெரியுமா? எங்க வீட்டு அவிய சுண்ணாம்புக் கட்டிய எடுத்து, தோணிக்கு வரையுத மாரியே, வெறுந் தரையில முழு அளவுக்கும் கோடு போட்டாவ. "ஏளா, உள்ள ஒக்காந்து குளி"ன்னாவ.

குளிச்சேன்! கூரை இல்ல, சுவரு இல்ல, கோடு மட்டுந்தான். அதுக்குள்ள பலவையப் போட்டு ஒக்காந்து, வெறுஞ் சொம்பால வெறும் வாளியில கோரிக் கோரித் தலையில ஊத்துதேன். முழங்கை கோட்டுக்கு வெளிய போச்சுன்னா அவிய கோட்டத் தள்ளிப் போடுவாவ. முதுகு தேய்க்கக் குனிஞ்சேன், தல போயி வாசல்ல இடிச்சுது. வாசலும் தள்ளிப் போச்சு. தெருவுல போனவியெல்லாம் நின்னு பாத்தாவ. ஒருத்தி, "என்னக்கா, தண்ணி சுடுதா?"ன்னு கேட்டா. "வெதுவெதுன்னு இருக்குளா, நீயும் வாறியா?"ன்னேன்.

எடம் ஆச்சு, சுவரும் ஏறுச்சு. தரை போட ஆரம்பிச்சாவ. செங்கச் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால அடிச்சு அடிச்சு இறுக்குனாரு கொத்தனாரு. கடக்கரை மண்ண இந்தப் பக்கமே கொண்டாரப்படாதுன்னுட்டாரு. உப்பு மண்ணுல பூசுனா சுவரு பூத்து உதிரும்லா? ஆத்து மண்ணுதான். சுண்ணாம்புக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணி. அந்தக் கருப்பட்டி ஒடங்குடிக் கருப்பட்டி, நல்ல மணம். பாதிய எம் பிள்ளைய தின்னு தீத்துட்டுவ. தரை கேட்டுச்சான்னா கேக்கல, பிள்ளைய கேட்டுச்சுவ, என்ன செய்ய?

ஒரு ஞாயித்துக்கெழம. கொத்தனாருக்கு லீவு. நான் பூசை முடிஞ்சு கோயில்ல இருந்து வாரேன். தெருவுல உள்ள அம்புட்டுப் பூனையும் எங்க புது வீட்டு வாசல்ல நிக்கி. உள்ள போனா ஒரே மீன் நாத்தம். அவிய குத்த வச்சு ஒக்காந்து, தரையும் சுவரும் சேருத மூலையெல்லாம் பஞ்சத் திணிச்சு, குங்கிலியத்தச் சுறா எண்ணையில காச்சி ஊத்திக்கிட்டு இருக்காவ. மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம்.

"இனி எங்க அம்மா சுவத்துக்கு ஒரு பொட்டு ஈரம் போவாதுளா!"

மறுநாள் கொத்தனாரு வந்து மூக்கப் பொத்திக்கிட்டாரு. "அண்ணாச்சி, எண்ணை மேல சிமிண்டு ஒட்டாது."

"நடுக்கடல்ல தோணிக்கு ஒட்டுதுல்லாவே?"

"தோணிக்கு யாரு அண்ணாச்சி பீங்கான் கல்லு போடுதா?"

மாமியா வாசல்ல நின்னு, "ஏளா, இதுல புளியக் கரைச்சு ஊத்து, கொழம்பு ரெடி"ன்னு சிரிக்காவ. பெறவு அம்புட்டையும் சுரண்டி, சோடாப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினோம். பூனைய போவ மனசே இல்லாமப் போச்சுவ.

அது போவட்டும்னு பாத்தா, அடுத்த கூத்து. தரை எங்க சரியணும்? அவிய சொல்லுதாவ, நாலு பக்கமும் ஒசந்து நடுவுல பள்ளமா இருக்கணுமாம், தோணி வயிறு மாரி. தண்ணி சுவத்துப் பக்கமே போவாதாம். சரி, நல்ல ரோசனதான். தண்ணி வெளிய போவ ஓட்ட எங்கன்னு கேட்டேன்.

"ஓட்டையா?" அவிய மொகம் மாறிட்டு. "அடியில ஓட்ட போடவா? இந்தக் கையாலயா?"

"பெறவு தண்ணி எப்பிடிப் போவும்?"

"எறைச்சு ஊத்து. தோணியில எறைக்கமாட்டோமா?"

என்ன சொல்ல! குளிச்சு முடிச்சு, தல துவட்டி, பெறவு ஒக்காந்து குளிச்ச தண்ணிய நான் எறைக்கணுமாம். எறைச்சு முடிச்சா வேர்க்கும், மறுபடியும் குளிக்கணும். கொத்தனாரு சட்டிய வச்சிட்டு, "மயினி, நீங்க பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்"ன்னு போயிட்டாரு. அவியளா, அசையவே இல்ல. ஓடாவி கட்டுன எடத்துல அடி ஓட்டையா, ஊரு சிரிக்கும்ங்காவ.

எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. அவியளுக்குச் சோறு கொண்டு போயி எத்தன நாளு அந்தத் தோணி மேல ஏறி ஒக்காந்திருக்கேன்? யோசிச்சுப் பாத்துக் கேட்டேன். "இங்கேருங்க, அல அடிச்சு மேத்தட்டுல தண்ணி ஏறுனா என்ன செய்வீய? எறைப்பீயளா?"

"மேத்தட்டுல எதுக்கு எறைக்கணும்? ஓரத்துல ஓட்ட விட்டிருக்கும்லா, அது வழியா..." அங்கன நிறுத்திட்டாவ.

"அப்ப என் பாத்ரூமு தோணி அடி இல்ல, மேத்தட்டு. தண்ணி மேல இருந்துதான விழுது?"

பெறவு ஒரு சிரிப்பு சிரிச்சாவ பாரு, டீக்கடையில இருந்து கொத்தனாரு ஓடியாந்தாரு. "ஏ கொத்தனாரே, தெரு ஓரமா ஓட்ட போடும்வே! நல்லாப் பெருசாப் போடும்!" தரையும் ஒரே பக்கமா வாட்டம் ஆச்சு. ஆனா மூலைய மட்டும் அவிய விட்டுக் குடுக்கல. தோணியில கூரு மூலை கெடையாது, இங்கயும் வேண்டாம்னு, சுவரும் தரையும் சேருத எடத்த வளைச்சுப் பூசச் சொன்னாவ. கொத்தனாரும் ஒத்துக்கிட்டாரு. இன்னைக்கும் அந்த வளைவுல அழுக்கு நிக்காது.

டைல்ஸு கதையும் கேளு. அப்ப பீங்கான் கல்லுன்னுதான் சொல்லுவோம். ஒரு தோணி மொதலாளி வீட்டுக்கு வந்த பெட்டி, எறக்கும்போது விழுந்து உள்ள இருந்ததுல முக்காவாசி நொறுங்கிட்டு. ஒதுக்கிப் போட்டத அவிய கேட்டுக் கொண்டாந்தாவ. வெள்ளையும், ஊடால கொஞ்சம் கடல் பச்சையும். முத்தத்துல பரப்பி வச்சு நான் மாத்தி மாத்தி அடுக்குதேன். வெள்ள, பச்ச, வெள்ள, பச்ச. கொஞ்ச தூரத்துல பச்ச தீந்து போவும், எல்லாத்தையும் கலைச்சு மறுபடியும். "பல்லுப் போன கெழவி வாய் மாரி இருக்கு"ன்னாவ மாமியா. ஒடையாத கல்ல எல்லாம் அவிய பக்கத்துச் சுவத்துக்கே குடுத்துட்டேன், நெஞ்சு ஒசரம் வரைக்கும். அந்தச் சுவருதான என் தலையெழுத்து? ஒடைசல்ல கூரு கூரா இருந்ததத் தேய்ச்சு மழுக்கித் தரைக்குப் பதிச்சோம். அவிய முட்டு வலிக்காரவிய, வழுக்கப்படாதுல்லா?

ஆனா ஒண்ணு. கல்லு ஒட்டுததுக்கு முந்தியே தண்ணியக் கட்டிட்டோம். ஓட்டைய சாக்குத் துணியால அடைச்சு, கெணத்து உப்புத் தண்ணிய எறைச்சு எறைச்சுக் கணுக்கால் ஒசரத்துக்கு ஊத்துனோம். பிள்ளையளுக்குக் கொண்டாட்டம்! காயிதக் கப்பல் விடுதுவ, மீன் பிடிக்குதுவ. எங்க வீட்டு அவிய கப்பலுக்குக் கட்டளை போடுதாவ.

மாமியா உப்பளத்துக்காரவ மக. நல்லாக் காஞ்ச உப்ப ஒரு சொளவுல அள்ளிக் கொண்டாந்து, அந்தப் பக்கத்து ரூமுல சுவத்தடியில குமிச்சு வச்சாவ. "எனக்குக் கொத்தனாரும் வேண்டாம், ஓடாவியும் வேண்டாம். இது சொல்லும்"ன்னாவ.

விடிஞ்சு போயிப் பாத்தா, உப்பு அழுதுக்கிட்டு இருக்கு. கீழ தரையெல்லாம் ஈரம்.

"பாத்தியாளா?"ன்னாவ மாமியா. அவிய மொகத்துலயும் சந்தோசம் இல்ல. அவியளும் ஆசப்பட்டிருக்காவன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். எங்க வீட்டு அவிய தூணச் சாஞ்சு நிக்காவ. வெறகு ரூமுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டு வாடக வீட்டுக்குக் கஞ்சி காச்சப் போனேன். நாலு வீடு தள்ளித்தான். குசினியில உப்பு மரவைக்குள்ள கைய விட்டா, கையெல்லாம் தண்ணி!

நின்னேன். சன்னல்ல பாத்தா தென்ன ஓலையெல்லாம் மேக்க பாத்து அடிக்கி. கொண்டல்! கடல்ல இருந்து வார காத்து, ஊரு உப்பையெல்லாம் உருக்குத காத்து. ராத்திரியே எறங்கியிருக்கு.

மரவையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன் பாரு, தெருவே பாத்துச்சு. மாமியாகிட்ட நீட்டுனேன். "இங்க எந்தப் பாத்ரூமு மாமி கசிஞ்சுது?"

மரவைக்குள்ள வெரல விட்டாவ. வாசலுக்கு வந்து காத்துக்கு மொகத்தக் காட்டுனாவ. பெறவு தலையில அடிச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு! "உப்பளத்துல பொறந்துட்டு, கொண்டல மறந்துட்டு நிக்கேன் பாரு, கூறுகெட்ட சிறுக்கி!" தன்னையேதான் திட்டுதாவ. உள்ள போயி உப்ப ஒதுக்கிட்டு, சுவத்துல உள்ளங்கைய வச்சாவ, காச்சக்காரப் பிள்ள நெத்தியத் தொட்டுப் பாக்க மாரி. பெறவு கன்னத்த வச்சாவ.

"காஞ்சுதாம்ளா இருக்கு. கல்ல ஒட்டச் சொல்லு."

மொதல் குளி மாமியாவுக்குத்தான். உச்சி வெயில் நேரம். உள்ள போயிக் கதவப் பூட்டுனாவ. தண்ணி விழுது, சத்தம் நிக்கவே இல்ல. என்னமோ பாட்டு முணுமுணுக்காவ. அவிய பாடி நான் கேட்டதே இல்ல. நான் வெளிய துண்ட வச்சுக்கிட்டு நிக்கேன், எம் முறை எப்ப வரும்னு. கதவு கொஞ்சூண்டு தொறந்துச்சு.

"ஏளா, உள்ள வா. முதுகு தேய்ச்சு விடு. நல்லா வெளிச்சமா இருக்குளா, எம் பாதத்த இப்பத்தான் பாக்கேன்."

அம்புட்டுத்தான், ரெண்டு பேரும் சேந்தே... ஏ மாதாவே, அது என்ன சத்தம்? பாத்ரூமுல பைப்பத் தொறந்து போட்டுட்டுல்லா ஒங்கிட்ட பேசிக்கிட்டு நிக்கேன்! தொட்டி நெறஞ்சு வழியுதுளா! மாமியா ரூமுப் பக்கம் ஒரு சொட்டு எறங்காது, அதுக்கு நான் பயப்படல. ஆனா நல்ல தண்ணி வீணாப் போவுதே, ஏளா, அந்தக் கொடத்த எடு, எடு வெருசா!